மருத்துவச் செய்திகளில் ‘நாவல்’ என்னும் அடைமொழி: பொருளும் பயன்பாடும்

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் ‘நாவல் கொரோனா வைரஸ்’ என்னும் தொடர் நாள்தோறும் இடம்பெற்றது. ஆங்கில அறிக்கைகளில் இருந்த சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதப்பட்டது. தமிழில் அச்சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று கதைநூல், மற்றொன்று நாவல் மரமும் அதன் பழமும். அப்போது நான் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு நீரிழிவு நோய்க்கான மாத்திரை வாங்க வரும் முதியவர் ஒருவர், “டாக்டரம்மா, நாவல் வைரஸுங்கிறாங்களே, எங்க தோட்டத்துல ரெண்டு நாவ மரம் நிக்குது. ஆடியில பழம் விழுந்தா புள்ளைங்க பொறுக்கித் திங்கலாமா?” என்று கேட்டார். அது சிரிப்பதற்குரிய கேள்வியன்று. அறிவிப்பில் உள்ள ஒரு சொல் விளங்காதபோது, தமக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு அதை விளங்கிக்கொள்ள முயல்வது இயல்பே. பழத்திற்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று கூறி அவரை அனுப்பிவைத்தேன்.

அச்சொல்லின் பொருளை அறிந்தவர்களிடத்தில் வேறொரு தவறான புரிதல் இருந்தது. அது இதைவிடக் கேடு விளைவித்தது. “புது நோயாம், மருந்தே இல்லையாம், ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப்போகிறது” என்று எண்ணி மூச்சுத்திணறலுடன் வீட்டிலேயே இருந்துவிட்டு, காலம் தாழ்த்தி அழைத்துவரப்பட்டவர்களை என்னைப் போன்ற மருத்துவர்கள் பலர் கண்டோம். ‘புதியது’ என்னும் சொல்லிலிருந்து ‘மருத்துவம் இல்லை’ என்னும் முடிவுக்கு அவர்கள் வந்திருந்தனர். அச்சொல் உண்மையில் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சொல்லின் பொருள்

‘நாவல்’ என்பது ‘புதிய’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. கதைநூலைக் குறிக்கும் ‘நாவல்’ என்னும் பெயர்ச்சொல்லும் அதே வேரிலிருந்து இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்ததே. தமிழில் அதற்குப் ‘புதினம்’ என்று பெயரிட்டவர்களும் ‘புது’ என்னும் அடியையே எடுத்துக்கொண்டனர். இலங்கைத் தமிழர் ‘புதினம்’ என்றால் செய்தி என்று கொள்வர். பழக்கடையில் உள்ள நாவல் மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

ஆங்கிலத்தில் புதியதைக் குறிக்கப் பொதுவாக வழங்குவது ‘நியூ’ என்னும் சொல். நேற்று வாங்கிய சட்டை, இவ்வாண்டு சேர்ந்த மாணவர், மாற்றியமைத்த பேருந்து நேரம் ஆகிய அனைத்தையும் அச்சொல்லால் குறிக்கலாம். ‘நாவல்’ அவ்வாறு வழங்குவதில்லை. நேற்று வாங்கிய சட்டையை ஆங்கிலம் பேசுவோர் ‘நாவல்’ என்று கூறமாட்டார்கள். இதற்கு முன் எவரும் கண்டிராத வகையில் தைக்கப்பட்டிருந்தால் கூறக்கூடும். முன்மாதிரி இல்லாமை இச்சொல்லின் உட்பொருள். அன்றாட ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் பாராட்டாகவே வரும்: ஒரு சிந்தனை, ஒரு தீர்வு, ஒரு செய்முறை ஆகியவற்றைப் புகழ இதைப் பயன்படுத்துவர். வீட்டுப்பாடம் செய்யாத மாணவர் கூறும் வியப்பான காரணத்தை ஆசிரியர் இச்சொல்லால் குறிப்பிட்டால், அதில் சிறிது கேலியும் கலந்திருக்கும்.

மருத்துவ ஆங்கிலத்தில் இந்தப் புகழ்ச்சியும் இல்லை, கேலியும் இல்லை. வைரஸ் ஒன்றை ‘நாவல்’ என்று கூறினால், ‘மனிதரிடத்தில் இதற்கு முன் கண்டறியப்படாதது’ என்று பொருள். ‘கண்டறியப்படாதது’ என்னும் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். அந்த வைரஸ் நேற்றுத்தான் தோன்றியது என்றோ, எவரோ உருவாக்கினர் என்றோ அது கூறவில்லை. நமக்கும் அதற்கும் இடையே உள்ள அறிமுகத்தையே அது அளந்து கூறுகிறது.

யாருக்குப் புதியது?

எனவே இச்சொல்லைக் காணும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘யாருக்குப் புதியது’ என்பதாகும்.

2012-ஆம் ஆண்டில் சவுதி அரேபியாவில் நுரையீரல் அழற்சியால் உயிரிழந்த ஒருவரிடத்தில் முன்பு அறியப்படாத கொரோனா வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. முதல் சில மாதங்கள் அதுவும் ‘நாவல் கொரோனா வைரஸ்’ என்றே அறிக்கைகளில் குறிப்பிடப்பட்டது; 2013 மே மாதத்தில் ‘மெர்ஸ்’ என்னும் பெயரைப் பெற்றது. பின்னர் ஆய்வாளர்கள், ஆப்பிரிக்காவில் 1983-ஆம் ஆண்டிலேயே சேகரித்துப் பாதுகாக்கப்பட்டிருந்த ஒட்டகங்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றில் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. மருத்துவ உலகம் ‘புதியது’ என்று பெயரிடுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டகங்கள் அதனுடன் வாழ்ந்துவந்துள்ளன.

மனிதருக்கே பழையதாக இருந்து, அறிவியலுக்கு மட்டும் புதியதாக வந்தவையும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கு எச்எம்பிவி தொற்று உறுதியானபோது, ‘புதிய வைரஸ் தமிழகத்திற்குள் நுழைந்தது’ என்ற செய்தி கைப்பேசிகளில் விரைந்து பரவியது. புறநோயாளிகள் பிரிவில் அந்த வாரம் முழுவதும் சளி பிடித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வரிசையில் நின்றனர். இந்த வைரஸ் 2001-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டதாகும். அங்கு 1950-களில் சேகரிக்கப்பட்ட இரத்த மாதிரிகளிலும் இதற்கான எதிர்ப்பொருள்கள் இருந்தன. ஐந்து வயதிற்குள் பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையேனும் இத்தொற்று ஏற்பட்டிருக்கும் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. அதாவது, அந்த வரிசையில் நின்ற தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் தத்தம் குழந்தைப் பருவத்தில் இத்தொற்று வந்து போயிருக்கும். அதைக் கண்டறியும் பரிசோதனைதான் அன்று இல்லை. சோதனை வசதி பெருகும்போது நாம் ‘புதிதாக’ அறியும் கிருமிகளும் பெருகும்.

ஒரே வைரஸ் ஒரு தலைமுறைக்குப் புதியதாகவும் மற்றொன்றுக்கு ஓரளவு பழகியதாகவும் இருப்பதுண்டு. 2009-ஆம் ஆண்டில் பரவிய எச்1என்1 இன்ஃபுளுயன்சாவை ஆங்கில அறிக்கைகள் ‘நாவல் இன்ஃபுளுயன்சா’ என்றே முதலில் குறிப்பிட்டன. நம்மிடையே அது பன்றிக்காய்ச்சல் என வழங்கியது. வழக்கமான இன்ஃபுளுயன்சாவில் முதியோரே மிகுதியாகப் பாதிக்கப்படுவர். அந்த ஆண்டு இளையோரும் நடுவயதினரும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். 1957-க்கு முன் உலகில் பரவியிருந்த இன்ஃபுளுயன்சா வைரஸ்கள் இதனுடன் ஓரளவு ஒத்திருந்தமையால், அக்காலத்தில் வாழ்ந்த முதியோர் பலரின் உடலில் இதை அடையாளம் காணும் எதிர்ப்பாற்றல் எஞ்சியிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அது இல்லை.

மருத்துவர்கள் இச்சொல்லைக் கண்டவுடன் விழிப்படைவதற்கு இதுவே காரணம். ஒரு கிருமி மனிதருக்கு உண்மையிலேயே புதியதாயின், அதை எதிர்க்கும் ஆற்றல் எவர் உடலிலும் முன்கூட்டியே இராது. ஒரே காலத்தில் ஏராளமானோர் நோயுறுவர். நோய் கடுமையாவோரின் விழுக்காடு சிறிதாயினும், மொத்த எண்ணிக்கை மருத்துவமனைப் படுக்கைகளை விஞ்சிவிடும். 2007-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறை விதிகளின்படி, மனிதரிடத்தில் புதிய துணைவகை இன்ஃபுளுயன்சா தொற்று ஒன்றேயொன்று கண்டறியப்பட்டாலும் அந்நாடு உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். பெரியம்மை, இயற்கைப் போலியோ வைரஸ், சார்ஸ் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன.

கடுமையையோ மருத்துவத்தையோ இச்சொல் குறிப்பதில்லை

2003-இல் பரவிய சார்ஸ் நோயின் வைரஸும் கண்டறியப்பட்டபோது ‘நாவல்’ என்றே அழைக்கப்பட்டது. அந்நோய்க்கு ஆளானோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழந்தனர். மெர்ஸ் நோயில் பதிவானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உயிரிழந்தனர். எச்1என்1 தொற்றுக்கு ஆளானோரில் மிகப் பெரும்பாலோர் சில நாள்களில் நலம் பெற்றனர். மூன்றிற்கும் அடைமொழி ஒன்றே. ஆகவே அடைமொழியை மட்டும் படித்து நோயின் கடுமையைக் கணிக்க இயலாது. மறுபுறம், வெறிநாய்க்கடியால் வரும் ரேபிஸ் மனிதர் மிக நெடுங்காலமாக அறிந்த நோய்களுள் ஒன்று. அறிகுறிகள் தோன்றிய பின் அதில் உயிர் பிழைப்பது மிக அரிது. பழகிய பெயர் என்பதாலேயே நாய்க்கடியைப் பலர் பொருட்படுத்தாமல் விடுவதையும், புதிய பெயர் என்பதாலேயே சாதாரணச் சளிக்கு நடுங்குவதையும் ஒரே நாளில், ஒரே புறநோயாளிகள் பிரிவில் நான் கண்டிருக்கிறேன்.

‘புதிய நோய்க்கு மருத்துவம் இல்லை’ என்னும் எண்ணத்திற்கு வருவோம். கோவிட்-19 பரவத் தொடங்கிய நாளில் அதற்கெனத் தனி மருந்தோ தடுப்பூசியோ இல்லை என்பது உண்மை. ஆயினும் நோயாளியின் உடலில் நிகழ்வது எல்லாம் புதியதன்று. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன் தர வேண்டும், நீர்ச்சத்து குறைந்தால் நீர்மம் ஏற்ற வேண்டும், சர்க்கரை ஏறினால் இறக்க வேண்டும் என்பன எந்தக் கிருமி வந்தாலும் மாறாதவை. இவற்றாலேயே பல உயிர்கள் காக்கப்பட்டன. மேலும், கோவிட்-19 நோயில் உயிரிழப்பைக் குறைப்பதாக முதன்முதலில் உறுதியாக நிறுவப்பட்ட மருந்து டெக்சாமெதசோன் ஆகும். இது அறுபது ஆண்டுகளாக வழக்கில் உள்ள, விலை மிகக் குறைந்த, எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் மருந்து. 2020 ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நிகழ்ந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானது: செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே உயிரிழப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதோருக்கு அதனால் பயன் காணப்படவில்லை. இதை அறியாமல் காய்ச்சல் வந்தவுடன் தாமாகவே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி உட்கொண்டோரும், கட்டுப்படாத நீரிழிவு உள்ளோரும் 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானதை நினைவிற்கொள்ளவும்.

எவ்வளவு காலம் புதியது?

‘நாவல்’ நிலையான பெயராக இருக்க இயலாது. 2019 டிசம்பரில் சீனாவின் வூகான் நகரில் தோன்றிய நோய்க்குக் காரணமான வைரஸ், முதலில் ‘2019-என்-கோவ்’ என்று தற்காலிகமாகக் குறிக்கப்பட்டது. அதிலுள்ள ‘என்’ என்னும் எழுத்து ‘நாவல்’ என்பதன் முதலெழுத்து. 2020 பிப்ரவரி 11 அன்று நோய்க்குக் கோவிட்-19 என்றும், வைரஸுக்கு சார்ஸ்-கோவ்-2 என்றும் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அத்துடன் அடைமொழியின் பணி முடிந்திருக்க வேண்டும். ஆயினும் சுவரொட்டிகளிலும் சுற்றறிக்கைகளிலும் அது நெடுநாள் நீடித்தது. ஒருமுறை அச்சிட்ட சொல்லை நீக்குவது அலுவலகங்களில் எளிதன்று.

2009-இன் ‘நாவல் இன்ஃபுளுயன்சா’ இன்று ஆண்டுதோறும் வந்துபோகும் பருவகால இன்ஃபுளுயன்சா வைரஸ்களுள் ஒன்று. அதற்கான தடுப்பூசியும் ஒசெல்டாமிவிர் மருந்தும் உள்ளன. ‘பன்றிக்காய்ச்சல் பாசிட்டிவ்’ என்னும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் சிலர் கண்ணீருடன் வருகின்றனர். அவர்களுடைய அச்சம் 2009-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

மருந்துகளின் பெயரில் வரும்போது

கிருமிக்கு முன் நின்றால் அச்சம் தரும் இதே சொல், மருந்துக்கு முன் நின்றால் நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையும் அளவறிந்து கொள்ளத்தக்கதே.

இரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகள் பல பத்தாண்டுகளாக வழங்கப்படுகின்றன. இவற்றை உட்கொள்வோர் குறிப்பிட்ட இடைவெளியில் ஐஎன்ஆர் என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்; கீரை வகைகளை உண்ணும் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். 2010-ஐ ஒட்டி இப்பரிசோதனை தேவைப்படாத மாத்திரைகள் வந்தன. அவற்றை ‘நாவல் வாய்வழி உறைவெதிர்ப்பு மருந்துகள்’ என்று அழைத்து, என்ஓஏசி எனச் சுருக்கி எழுதினர். ஆண்டுகள் சென்றபின் ‘இன்னும் எப்படிப் புதியது’ என்னும் கேள்வி எழுந்தது. சுருக்கத்தை மாற்றாமல், முதலெழுத்துக்கு ‘வைட்டமின் கே வழியே செயல்படாத’ என்று வேறு விரிவு கண்டனர் சிலர். ‘நேரடி’ என்னும் பொருளில் டிஓஏசி என்று எழுதினர் வேறு சிலர். ஒரே மருந்துச் சீட்டில் இவ்விரண்டும் வந்தால் குழம்ப வேண்டாம்.

இதய வால்வுக் கோளாறுக்காக உலோக வால்வு பொருத்தப்பட்ட பெண் ஒருவர், அத்தகைய புதிய மாத்திரை அட்டைகள் சிலவற்றுடன் ஒருநாள் என்னிடம் வந்தார். வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பியிருந்தார். “இது புதுசாம் டாக்டர், ரத்தம் குத்திப் பார்க்கவே வேணாமாம். மாத்திக்கவா?” என்று கேட்டார். மாதந்தோறும் ஐஎன்ஆர் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறிச் செல்பவர் அவர். அவர் ஆசைப்பட்டதில் பிழையில்லை. ஆனால் உலோக வால்வு உள்ளோரிடத்தில் டாபிகாட்ரான் என்னும் புதிய மருந்தைச் சோதித்த ஆய்வு, இரத்தக்கட்டும் இரத்தக்கசிவும் மிகுதியானதால் 2012-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் இதய நோயுடன் இதயத்துடிப்புச் சீர்குலைவும் உள்ளோரிடத்தில் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானபோது, பழைய வகை மாத்திரைகளை உட்கொண்டோரிடையேதான் உயிரிழப்புக் குறைவாக இருந்தது. வேறு காரணங்களால் துடிப்புச் சீர்குலைவு உள்ள பெரும்பாலோருக்கு அதே புதிய மாத்திரைகள் மிக நன்மை பயக்கின்றன. அவர் மாற்றுவதற்கு முன் கேட்டார். உலோக வால்வு உள்ளோர் எவராயினும், பழைய மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது.

தடுப்பு மருந்தின் பெயரிலும் இச்சொல் உண்டு. ‘நாவல் வாய்வழி போலியோ தடுப்பு மருந்து, வகை 2’ என்பதற்கு உலக சுகாதார அமைப்பு 2020 நவம்பரில் அவசரகால ஒப்புதலும் 2023 டிசம்பரில் முழுத் தகுதிச் சான்றும் அளித்தது. பழைய சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த வைரஸ், தடுப்பு மருந்து பெறாதோர் மிகுந்த இடங்களில் பரவிப் பரவி மீண்டும் வலுப்பெறும் அரிய வாய்ப்பு உள்ளது. அவ்வாய்ப்பைக் குறைக்கும் வகையில் மரபணு திருத்தப்பட்ட வடிவம் இது. இங்கு ‘நாவல்’ என்பது திருத்தியமைக்கப்பட்டதைக் குறிக்கிறது. நம் நாட்டின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. எனவே உங்கள் குழந்தைக்குப் போலியோ முகாமில் தரப்படும் சொட்டு மருந்து இதுவோ என்று ஐயுற வேண்டியதில்லை.

உணவுச் சட்டங்களில் வரும் ‘நாவல் உணவு’ மற்றொரு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 மே 15-க்கு முன் மக்கள் குறிப்பிடத்தக்க அளவில் உண்ணாத உணவு எதுவும் அங்கு ‘நாவல்’ ஆகும். மெக்சிகோ மக்கள் பன்னூறு ஆண்டுகளாக உண்ட சியா விதையும் அவ்வாறே அனுமதி பெற்று அங்கு நுழைந்தது. இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இத்தகைய உணவுகள் இடம்பெற்றுள்ளன. சத்துமாவுப் பொட்டலத்தின் மேல் விளம்பரத்திற்காக அச்சிடப்படும் ‘புதுமையான’ என்னும் சொல்லுக்கு இத்தகைய சட்டப்பொருள் எதுவும் கிடையாது. அது அப்பொருளின் நன்மைக்குச் சான்றாகாது.

அறிவிப்பைக் காணும்போது

புதிய கிருமி குறித்த செய்தி உங்களை வந்தடையும்போது அதில் நான்கு விவரங்கள் உள்ளனவா என்று பாருங்கள்: எப்போது முதலில் கண்டறியப்பட்டது, எவ்வாறு பரவுகிறது, யாருக்குக் கடுமையாகிறது, எந்த அறிகுறி தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை இல்லாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். ஐயம் இருப்பின் 104 என்னும் இலவச மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம். கிருமியின் பெயர் எதுவாயினும், மூச்சுத்திணறல், உதடு அல்லது நகம் நீலமாதல், மனக்குழப்பம், குழந்தை பால் குடிக்க மறுத்தல், மூன்று நாள்களுக்கு மேல் தணியாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனடியாக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். நடக்க இயலாதவராயின் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். தொடர்ந்து உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் மறவாமல் உடன் எடுத்துச் செல்லவும்.